விரல் நேராக்கும் பெட்டி

கல்யாணமே ஆகாத ஒருவரைக் கூப்பிட்டு, கணவனும் மனைவியும் படுக்கையறையில் ஒருவரையொருவர் "சரியா?" என்று கேட்டுக்கொண்டதற்கு அத்தாட்சி வைக்கும் கருவி ஒன்று செய்து கொடு என்றால் அவர் என்ன செய்வார்? வைத்தியர் முதலில் காதுமடல் வரை சிவந்தார். அடுத்த நொடி, "நீளம் அகலம் எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டார். அதுதான் வைத்தியர். வெட்கம் வந்தால் அளவு கேட்பார்.

வைத்தியர் என்றதும் மருந்து எழுதிக் கொடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வேலை பார்த்தது சின்னச் சின்ன மின்னணுக் கருவிகள் செய்து விற்கும் நிறுவனத்தில். புகைந்த சர்க்யூட் போர்டு, தண்ணீர் குடித்த போர்டு, முதலாளி கோபத்தில் விட்டெறிந்த போர்டு எல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்து சேரும். பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, சூடேறிய சால்டரிங் கோலின் நுனியால் இங்கே ஒரு தொடு, அங்கே ஒரு தொடு. செத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்து விளக்கால் கண் சிமிட்டும். அதனால் அந்தப் பெயர். வீட்டில் அம்மாவுக்கு அவர் பெரியவன், தங்கைக்கு அண்ணா. கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எல்லாம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

யோசனை முதலாளியுடையது. "காலம் எப்படிக் கெடக்கு பாத்தீங்களா? நாளைக்கு யாராவது ஒருத்தர் 'நான் ஒத்துக்கவே இல்ல'ன்னு சொன்னா? சொன்னவங்களுக்கும் பாதுகாப்பு வேணும், சொல்லப்பட்டவங்களுக்கும் பாதுகாப்பு வேணும். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பெட்டி" என்றார். பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லும்போது முதலாளியின் குரல் தானாகவே தழைந்துவிடும்.

பெட்டி நன்றாகத்தான் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, சோப்புப் பெட்டி மாதிரி. இரண்டு முனையிலும் பெருவிரல் பதிக்க ஒவ்வொரு கண்ணாடி வில்லை. வில்லைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு குட்டி விளக்கு. விரலை ஏற்றுக்கொண்டால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இரண்டு பக்கமும் பச்சை எரிந்தால் நாளும் நேரமும் ரேகைப் படமும் உள்ளே இருக்கும் சிப்பில் பதிந்துவிடும். பதிந்ததை யாரும் அழிக்க முடியாது, திருத்த முடியாது. அதற்கு வைத்தியர் போட்ட பூட்டு லேசுப்பட்டதில்லை.

முதல் மாதிரியில் நடுவே ஒரு பொத்தானும் வைத்திருந்தார். அது 'வேண்டாம்' பொத்தான். முதலாளி அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வேண்டாம்கிறவங்க எதுக்குங்க பெட்டியைத் தொடப்போறாங்க? விரலை வெக்காம இருந்தாப் போச்சு. இந்தப் பொத்தானைப் பாத்தாலே வாங்குறவனுக்கு மூடு போயிடும். எடுத்துடுங்க."

வைத்தியருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்றால் விரலை வைக்காமல் இருந்துவிட்டுப் போகலாமே, இதிலென்ன இருக்கிறது? இவ்வளவு சுலபமாக ஒருவர் யோசிக்க வேண்டுமென்றால் அவர் கட்டிலில் தனியாகவே படுத்துத் தூங்கிப் பழகியிருக்க வேண்டும். பொத்தானை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை அடைத்தார்.

அடுத்து, வீடுகளில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆபீஸில் கல்யாணமானவர்கள் ஆளுக்கொரு பெட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கணக்குப் பார்ப்பவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "வாய் இருக்கும்போது பெட்டி எதுக்குன்னு கேட்டு அவ ஜன்னல் வழியா எறிஞ்சுட்டா. கார் மேல விழுந்துச்சு. நல்லவேளை, என் கார்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சொன்னதைக் கொஞ்சம் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

"உங்க தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிருக்கில்ல, வைத்தியரே? அங்க ஒண்ணு கொடுங்க" என்றார் முதலாளி.

தங்கையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பாப்பாவுக்கே மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது, குட்டி என்று. மாப்பிள்ளைக்குக் கடைகளின் தராசுகளையும் எடைக்கருவிகளையும் சோதித்து முத்திரை போடும் வேலை. குரல் உயர்த்த மாட்டார், குடிக்க மாட்டார், சட்டைக் கை மடிப்பு கலையாது. கருவி காட்டியது காட்டியதுதான் என்பது அவருடைய தொழில் மட்டுமல்ல, சுபாவமும். வீட்டு வாசலில் மணி அடித்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் கதவைத் திறப்பார். இப்படிப்பட்ட மாப்பிள்ளை கிடைத்ததில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வைத்தியர் பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மாடிக்குப் போகவில்லை. மாப்பிள்ளையைக் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு வரச் சொன்னார்.

"மாப்ள, இது ஆபீஸ் விஷயம். ரெண்டு பேரும் விரல் வெச்சா பச்சை எரியணும். எரியலன்னா எனக்கு எழுதி அனுப்புங்க."

"எதுக்கு மச்சான் இது?"

வைத்தியர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை. பக்கத்து வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. மாப்பிள்ளை பெட்டியை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார், எடை சரியாக இருக்கிறதா என்பது போல.

"பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தியர் வண்டியைக் கிளப்பினார்.

இருவருடைய சம்மதத்தையும் பதிய வைக்கிற பெட்டி. அது அந்த வீட்டுக்குள் போவதற்கு ஒருவரிடம்தான் கேட்டார்கள். எரிச்சல் வருகிறதா? வரட்டும். ஆனால் வைத்தியர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அண்ணன் தங்கைக்கு நடுவே அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே கூச்சத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார். எல்லா வீட்டுப் பெட்டிகளின் பதிவுகளும் ஆபீஸ் கணினிக்கு வந்து சேரும். மற்றவற்றையெல்லாம் திறந்து பார்ப்பார். தங்கை வீட்டுப் பெட்டியை மட்டும் திறப்பதில்லை. பார்ப்பது பாவம் என்று நினைத்தார். அவர் பார்க்காததால் வேறு யாரும் பார்க்கவுமில்லை.

பார்த்தது மாப்பிள்ளை எழுதி அனுப்பிய குறிப்புகளை மட்டும்தான். தெளிவான, சுருக்கமான குறிப்புகள். 'என் பக்கம் பச்சை. அவள் பக்கம் சிவப்பு. விதிப்படி நிறுத்திவிட்டோம். கருவியில் பிழை.' அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே.

வைத்தியர் தலையைச் சொறிந்தார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியிருக்கும், தோல் வறண்டிருக்கும், அதுதான் கண்ணாடி ஏற்கவில்லை என்று முடிவுகட்டினார். கடையில் நல்லதாகப் பார்த்து கைக்குத் தடவும் கிரீம் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனார்.

"என்னண்ணா திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. தண்ணியில கை வெச்சு வெச்சு வறண்டு போயிருக்கும். இதைத் தடவு. முக்கியமா பெருவிரல்ல."

பாப்பா அந்தக் கிரீமைப் பார்த்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். உள்ளறையில் மாப்பிள்ளை செருமிய சத்தம் கேட்டது.

"சரிண்ணா" என்று வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். குட்டி வந்து மாமாவின் சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் தேடியது. வைத்தியர் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

கிரீம் வேலை செய்யவில்லை. சிவப்பு தொடர்ந்தது. அப்புறம்தான் வைத்தியர் ரேகைப் படங்களைத் திறக்காமல், பிழைக் குறியீட்டை மட்டும் எடுத்துப் பார்த்தார். தோல் பிரச்சினையே இல்லை. விரல் கோணலாக வைக்கப்படுகிறது என்று காட்டியது. அட, இவ்வளவுதானா! படுக்கையில் கிடப்பவர்கள் விரலை அளவெடுத்தா வைப்பார்கள்? நேராக வைத்தால்தான் ஏற்பேன் என்று அடம்பிடிப்பது பெட்டியின் முட்டாள்தனம். அதைச் செய்தவரின் முட்டாள்தனமும்கூட.

உற்சாகம் வந்துவிட்டது வைத்தியருக்கு. கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். விரல் சாய்ந்திருந்தாலும், படுத்திருந்தாலும், தலைகீழாக இருந்தாலும் பெட்டி தானே ரேகையின் சுழியைக் கண்டுபிடித்து, படத்தைத் திருப்பி நிமிர்த்தி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதினார். சிப்பில் இடம் குறைவு. அதனால் நிமிர்த்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோணல் படத்தைத் தூக்கிப்போடச் சொன்னார். பூட்டுக்குள் வராத பழைய பிழைக் குறிப்புகளையும், பெட்டியிலும் ஆபீஸ் கணினியிலும், கையோடு அழிக்கச் சொன்னார். குணமான பிறகு பழைய காய்ச்சலுக்குக் கணக்கு எதற்கு?

எல்லாப் பெட்டிகளுக்கும் புது மென்பொருள் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையிடமிருந்து குறிப்பு வந்தது. 'பிழை தீர்ந்தது, மச்சான். மிக்க நன்றி. இப்போது எப்போதும் பச்சை.' வைத்தியருக்குப் பெருமையாக இருந்தது. உடனே கூச்சமாகவும் இருந்தது. குறிப்பை மூடிவிட்டார். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, விளம்பரத்துக்கு ஒரு வரியையும் அங்கேயே பிடித்தார். 'எப்படி வைத்தாலும் ஏற்கும்.'

பெட்டி கடைகளுக்குப் போய் விற்பனையும் சூடுபிடித்த சமயத்தில் ஒரு காலை நேரம் பாப்பா அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. குட்டி இல்லை.

அவளிடம் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். பாப்பா அம்மாவிடம் அரைகுறையாகச் சொன்னாள். அம்மா அதிலும் பாதியை முழுங்கிவிட்டுப் பெரியவனிடம் சொன்னாள்.

"அவளுக்கு அங்க பிடிக்கலையாம்ப்பா. அந்த விஷயத்துல. அவ வேண்டாம்னாலும் அவர் விடறதில்லையாம். வேண்டாம்னா நாலு நாள் பேச மாட்டாராம், குழந்தையைத் தூக்கிட்டுப் போய்த் தன் ரூம்ல கதவைச் சாத்திக்குவாராம். நான் என்னத்தைச் சொல்ல? உன்கிட்ட இதெல்லாம் பேசற மாதிரி ஆயிடுச்சே."

வைத்தியர் தரையைப் பார்த்தார். "குட்டி?"

"விட மாட்டேங்கிறாராம். நீ வேணா போ, குழந்தை அதோட வீட்ல இருக்கட்டும்னு சொல்லிட்டாராம்."

விஷயம் குடும்பத் தகராறுகளைக் கேட்டு முடிவு சொல்லும் சமரச அதிகாரியிடம் போனது. அங்கே தீர்மானமாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பாப்பா சொல்வதை அதிகாரி நம்பினால் குட்டி அவளிடம் வரும். நம்பாவிட்டால் குட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. மேசை மேல் அழுகிறவர்களுக்காக ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே பஸ் நின்று நின்று கிளம்பும் சத்தம். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மாப்பிள்ளை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவளைக் குறை சொல்ல நான் வரல மேடம். ஏதோ மனசு சரியில்ல, பேசறா. ஆனா இதுல எல்லாம் இருக்கு. ஒரு தடவைகூட அவ விரல் வெக்காம எதுவும் நடந்ததில்ல. இந்தப் பெட்டியைச் செஞ்சதே அவங்க அண்ணன்தான். அவரையே கேளுங்க."

அதிகாரி வைத்தியரைப் பார்த்தார். "நீங்கதானா? சரி, எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுப் பாத்துட்டு அடுத்த தடவை வந்து சொல்லுங்க. இதை நம்பலாமா, கூடாதா?"

வைத்தியர் பெட்டியைத் தன் மேசைக்குக் கொண்டுவந்தார். இத்தனை மாதம் திறக்காத பதிவைத் திறந்தார். கட்டாயப்படுத்தி அமுக்கியிருந்தால் விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், இழுபட்டிருக்கும், எங்காவது ஒரு தடயம் இருக்கும். அதை எடுத்துக் கொண்டுபோய் அந்த அதிகாரியின் மேசையில் வைத்தால் குட்டி வீட்டுக்கு வந்துவிடும். ஒரு படம் போதும்.

திரையில் தங்கையின் பெருவிரல் ரேகை வந்தது. நிமிர்ந்து, நேராக நின்றது. அடுத்தது, அதுவும் நேராக. அதற்கடுத்ததும். பள்ளிக்கூட மைதானத்தில் அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளைப் போல அத்தனையும் நேராக நின்றன. வைத்தியர் கடைசிவரை பார்த்தார். பிறகுதான் தான் எழுதியது நினைவுக்கு வந்தது. எல்லா விரலையும் நிமிர்த்தி வைத்ததே அவர்தான். நிமிர்த்துவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் கணினியில் தேடினார். அங்கேயும் பெட்டி அனுப்பிய நேரான படங்கள்தான். பழைய சிவப்புகளைத் தேடினார். அவையும் இல்லை. அழிக்கச் சொன்ன கட்டளை அவருடைய எழுத்திலேயே இருந்தது.

பெட்டிகளுக்கு மேல்கூடு செய்பவர் பக்கத்து மேசைக்காரர். தன் ரேகையை ஏற்றிவைத்த சோதனைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வைத்தியர் அவரைக் கூப்பிட்டார். "என் கையைப் பிடிச்சு, நான் இழுக்க இழுக்க, விரலை இதுல வெச்சு அமுக்குங்க."

"என்னய்யா விளையாட்டு இது?" என்றாலும் அவர் பிடித்தார். பலசாலி. வைத்தியர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மணிக்கட்டு வலித்தது. விரல் பக்கவாட்டில் போய் வில்லையில் பட்டது. பச்சை எரிந்தது. திரையில் வைத்தியரின் ரேகை நேராக வந்து நின்றது.

"அருமையா வேலை செய்யுது, வைத்தியரே" என்றார் மேல்கூட்டுக்காரர் மூச்சு வாங்கியபடி. வைத்தியர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுபடி அந்த அறை. வைத்தியர் உள்ளதைச் சொன்னார், கொஞ்சம் திக்கினாலும். வலுக்கட்டாயமாக வைத்தாலும் பச்சைதான் வரும், மேடம். விரல் வந்ததா என்றுதான் அதற்குத் தெரியும், மனசு வந்ததா என்று தெரியாது.

"அப்போ இவங்க விரலை வலுக்கட்டாயமா வெச்சாங்கன்னு இது காட்டுதா?"

"இல்ல மேடம்."

"வெக்கலைன்னு காட்டுதா?"

"அதுவும் இல்ல. எல்லாப் படத்தையும் நேராக்கிடும். முதல்ல எப்படி இருந்துச்சுன்னு அதுல இல்ல."

"யாருங்க அப்படிப் பண்ணது?"

"நான்தான்."

மாப்பிள்ளை மரியாதையாகக் கையை உயர்த்தினார். "நான் ஒண்ணு சொல்லலாமா மேடம்? முன்னாடியெல்லாம் இது அவ விரலுக்குச் சிவப்பு காட்டும். காட்டினா அன்னைக்கு நான் விட்டுடுவேன். கருவி ஏத்துக்காதப்ப நான் மீறினதே இல்ல. இதுல கோளாறு இருக்குன்னு நான்தான் வாராவாரம் எழுதிப் போட்டேன். மச்சான்தான் பாத்துச் சரிபண்ணிக் கொடுத்தார். கட்டாயப்படுத்தறவன் இப்படி எழுதுவானா, நீங்களே சொல்லுங்க."

பாப்பா அதுவரை மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் சட்டென்று தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வைத்தியருக்கு அந்தப் பார்வை புரியவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "என்ன நடந்துச்சு? தயங்காம சொல்லுங்க."

பாப்பா வாயைத் திறந்தாள். ஒரு பக்கம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் அண்ணன். "நான் அந்த விரலை..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவள் நிறுத்திவிட்டாள். துணைக்கு இருக்கிறோம் என்றுதான் வைத்தியர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் எழுந்து வெளியே போய் நின்றிருந்தால் அவள் பேசியிருப்பாள். அது அவருக்கு அப்போது தோன்றவே இல்லை.

"ஒண்ணுமில்ல மேடம். எனக்கு இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்றாள் பாப்பா.

அதிகாரி பெருமூச்சு விட்டார். காரணம் நிரூபணமாகாமல் குழந்தையை அது பழகிய வீட்டிலிருந்து மாற்றச் சொல்ல முடியாது என்றார். குழந்தையின் அம்மா அங்கே போய் அதோடு இருப்பதை யாரும் தடுக்கவில்லை, கொஞ்ச நாள் சேர்ந்து இருந்து பாருங்கள் என்றார். மாப்பிள்ளை தலையாட்டினார். "பெட்டி இருக்கும் மேடம். அவளுக்கும் அது பாதுகாப்புதானே." அதிகாரிக்கு அது நல்லதாகவே பட்டது.

படி இறங்கும்போது மாப்பிள்ளை, அதிகாரியின் மேசையிலிருந்து திரும்ப எடுத்த பெட்டியை வைத்தியரிடம் நீட்டினார். "மச்சான், சார்ஜ் சீக்கிரம் இறங்கிடுது. பாத்து வெச்சீங்கன்னா அவ வரும்போது எடுத்துட்டு வந்துடுவா."

மறுநாள் மத்தியானம் பாப்பா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா படுத்துக் கிடந்தாள். வைத்தியர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெட்டிக்குப் புது பேட்டரி மாற்றினார். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் அதைச் செய்தார். நன்றாகவே செய்தார். பாப்பா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதைப் பழைய மாதிரி ஆக்கித் தர முடியுமா?"

"எந்தப் பழைய மாதிரி?"

"முன்னாடி சிவப்பு காட்டுமே, அந்த மாதிரி."

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். பாப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்க்காமல் பேசினால் பேச முடிந்தது.

"வேண்டாம்னு வாயால சொன்னா என்ன ஆகும்னு அம்மா சொல்லியிருப்பாங்க. ஒருநாள் தூக்கக் கலக்கத்துல விரலைக் கோணலா வெச்சுட்டேன். சிவப்பு எரிஞ்சுது. அவர் ஒண்ணும் சொல்லல. மெஷின் ஏத்துக்கலையேன்னு திரும்பிப் படுத்துட்டாரு. எனக்கு நம்பவே முடியல. கோபமில்ல, கதவு சாத்தல, குட்டி என் பக்கத்துலயே தூங்கினா. அப்புறம் வேண்டாதப்பல்லாம் கோணலா வெச்சேன். கல்யாணமானதுல இருந்து நான் நிம்மதியா இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். என் அண்ணன் செஞ்ச பெட்டி என்னைக் காப்பாத்துதுன்னு நெனச்சுக்குவேன். நீ கிரீம் கொண்டாந்தப்ப, தெரிஞ்சு போச்சோன்னு பயந்தேன். அப்புறம் ஒருநாள் கோணலா வெச்சேன், பச்சை எரிஞ்சுது. இன்னும் கோணலா வெச்சேன். அப்பவும் பச்சை. 'பாத்தியா, சரியாயிடுச்சு'ன்னு அவர் சந்தோஷப்பட்டாரு. அதுவா கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சேன். நீ பண்ணதுன்னு நேத்துதான் தெரியும்."

வைத்தியர் கையிலிருந்த பழைய பேட்டரியை மேசையில் வைத்தார். "அன்னைக்கு ஆபீஸ்ல நான் பாத்த படமெல்லாம்..."

"அத்தனையும் கோணலா வெச்சதுதாண்ணா. ஒண்ணுகூட நான் நேரா வெக்கல."

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. வைத்தியர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். அழுவதற்குக்கூட அவளுக்கு முன்னால் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"நாம திரும்பப் போய் அந்த மேடம்கிட்ட சொல்லலாம்."

"என்னன்னு? கோணலா வெச்சேன்னா? எல்லாம் நேராத்தானே இருக்கு உன் படத்துல."

பெட்டியைப் பழையபடி ஆக்கவும் முடியாது. கடைக்குப் போகும் முன், உள்ளே இருக்கும் மென்பொருளை இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியவர் அவர்தான். அந்தப் பூட்டைத் திறக்க முதலாளியின் கையெழுத்து வேண்டும். போய்க் கேட்டால், நன்றாக இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும் என்று அவர் கேட்பார். கெடுத்தே கொடுத்தாலும், மாப்பிள்ளை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிடுவார். எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னார்.

"செத்த போர்டுக்கே உயிர் கொடுப்பேன்னு சொல்லுவாங்களே உன்னை" என்றாள் பாப்பா.

"இது சாகலையே பாப்பா. இதுல ஒரு கோளாறும் இல்லையே" என்றார். "உடைச்சுப் போட்டுடட்டுமா?"

"உடைச்சா? பெட்டி வர்றதுக்கு முன்னாடி மாதிரி, திரும்ப வாயாலதான் வேண்டாம்னு சொல்லணும். அதுக்கு இது என்ன மோசம்?"

"நீ போகாத. இங்கயே இரு. நான் பாத்துக்கறேன்."

"குட்டி?" என்று கேட்டாள் பாப்பா.

பாப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெருவிரலைச் சாய்த்து வைத்தாள். பச்சை எரிந்தது. கையை முழங்கையோடு திருப்பி விரலைத் தலைகீழாக வைத்தாள். பச்சை. நகத்தோரம் மட்டும் படும்படி வைத்தாள். பெட்டி ஒரு கணம் யோசித்தது. வைத்தியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, தான் செய்த ஒன்று வேலை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். பச்சை எரிந்தது.

"நல்லாத்தாண்ணா செஞ்சிருக்கே" என்றாள்.

குட்டிக்கு என்று வாங்கி வைத்திருந்த சின்ன ஸ்வெட்டரில் பெட்டியைச் சுற்றிப் பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது. வைத்தியர் எழுந்து போய், குனிந்து, சிக்கிய துணியை விடுவித்து, ஜிப்பைச் சரிசெய்து மூடிக் கொடுத்தார்.